வெளிச்சமே சுவிட்ச்!

சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும். வெளிச்சமே சுவிட்சாக வேலை செய்யுமா, நேயர்களே?

செய்யும்! டிஜிட்டல் கைக்கடிகாரத்தில் மணி காட்டுகிறதே, அது திரவப் படிகம். அதை இயக்குவது மின்சாரம். ஆனால், அசோபென்சீன் என்ற பொருள் சேர்ந்த திரவப் படிகத்தை ஒளியே இயக்கிவிடும். புற ஊதா ஒளி பட்டதும், நேராக நிற்கும் அசோபென்சீன் மூலக்கூறு முழங்காலை மடக்கியதுபோல் வளையும். திரவப் படிகத்தின் உள்ளே மூலக்கூறுகளின் வரிசை குலையும். ஊடுருவிப் போகும் ஒளியின் போக்கும் மாறும். கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால் மூலக்கூறு மறுபடியும் நிமிரும்.

நெகிரி செம்பிலானின் லோபாக் நேயர்களே, இதைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குத் தூரமில்லை. பக்கத்து மாநிலமான பகாங்கில், குவாந்தான் அருகே கம்பாங்கில் உள்ள பல்கலைக்கழகத்திலேயே இத்தகைய பொருள்களை உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். எதற்காக? ஒளியாலேயே தகவலை எழுதி, ஒளியாலேயே அழிக்கும் கருவிகளுக்காக!