முதுகுவலியோடு நீடிக்கும் காய்ச்சல்

பினாங்கு சூலியா தெருவில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் இனிப்புநீர் (நீரிழிவு) இல்லாத வீடு அபூர்வம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. இந்தியரிடையே விகிதம் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட ஒரு முதியவருக்குக் காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்து நீடித்தால் மூட்டுத் தேய்மானம், சிறுநீரகத் தொற்று என்பதோடு மருத்துவரின் யோசனை நின்றுவிடக் கூடாது. முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியின் சுவரில் கிருமி தங்கி, அதை அரித்து வீங்க வைத்திருக்கலாம். வெடித்தால் பிழைப்பது கடினம். இங்கே தாமதம்தான் ஆளைக் கொல்கிறது. அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிதல்ல என்பது உண்மைதான். காய்ச்சல், வலி, வயிற்றில் துடிக்கும் கட்டி மூன்றும் ஒருசேரத் தென்படுவது சிலரிடம் மட்டுமே. முன்பே ஆன்டிபயாட்டிக் விழுங்கியிருந்தால் இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம். சால்மொனெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆகியவற்றோடு நம் வட்டாரத்தில் மெலியோய்டோசிஸ் கிருமியையும் சந்தேகிக்க வேண்டும். 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் விவரித்த இந்நோய்க்குப் பெயரிட்டவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் இதைப் பதிவு செய்திருப்பதால், தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவரிடமும் சந்தேகம் பொருந்தும். மண்ணிலும் நீரிலும் வாழும் இக்கிருமியைப் பழக்கமில்லாத ஆய்வகம் வேறொன்றாக எண்ணி ஒதுக்கிவிடக்கூடும். வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு இது அடங்காது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசியும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டும்.

அரிய நோய்க்காக எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பார்கள். சிடி ஸ்கேனுக்குச் செலவு உண்டு. அதற்கு ஏற்றும் சாய மருந்து பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாது. நியாயமான தயக்கம்தான். ஆனால் எல்லாரையும் அனுப்பச் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, இனிப்புநீர் அல்லது புகைப்பழக்கம், விடாத காய்ச்சல், காரணம் புலப்படாத முதுகுவலி அல்லது வயிற்றுவலி: இவை கூடியவருக்கு மட்டும் போதும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுக்கும் ஸ்கேனின் ஆபத்து, வெடிக்கவிருக்கும் தமனியைக் காணாமல் விடும் ஆபத்தைவிடச் சிறியது. மருந்துக்கு முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுக்கவும் சில நிமிடங்களே ஆகும். அதனால் சிகிச்சை தள்ளிப்போகாது.

ஆகவே முதல் ஆன்டிபயாட்டிக்குக்கு முன் கல்ச்சர், ஆய்வகத்துக்கு அனுப்பும் தாளில் மெலியோய்டோசிஸ் சந்தேகம் என்ற குறிப்பு, காய்ச்சல் விடாவிட்டால் ஸ்கேன் என்பது இங்கே வழக்கமாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பை போலப் புடைத்த தமனியும் அதைச் சுற்றிய அழற்சியும் படத்தில் தெரிந்தால், கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கி இரத்தநாள அறுவை நிபுணரை அழைக்க வேண்டும். குடும்பத்தாரும் இனிப்புநீர் விவரத்தையும் ஏற்கெனவே கொடுத்த மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.