மெழுகும் பண்டமும்: பெற்றோலிய மெழுகின் உணவுப் பயன்பாடு குறித்துச் சில குறிப்புகள்

நாம் அன்றாடம் கையாளும் பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் பளபளப்பினுள் மறைந்துவிடுகின்றது. மெழுகு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். மெழுகுதிரியாக எரிவதும், பத்திக் துணியிற் சாயம் புகாது தடுப்பதும், பாற்கட்டியைப் போர்த்துவதும், சூயிங்கத்துடன் மெல்லப்படுவதும் ஒரே மூலப்பொருளாக இருக்கலாம்.

1830இல் ஜெர்மானியரான ரைக்கன்பாக் மரத்தாரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். எளிதில் வினைபுரியாத அதன் இயல்பினால், 'உறவு குறைந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பரபீன் என்னும் பெயர் பிறந்தது. 1850இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பரபீன் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெற்றோலியத் தொழில் வளர்ந்தபின், உராய்வுநீக்கி எண்ணெய் குளிரில் இறுகாதிருக்க அதிலுள்ள மெழுகை அகற்றவேண்டியதாயிற்று. அகற்றப்பட்டதே பண்டமுமாயிற்று. இலங்கையில் வணிகம் நடத்திய ஸ்கொத்லாந்தியரான டேவிட் சைம் காகில் 1886இல் பர்மா எண்ணெய்க் கம்பனியை நிறுவினார். மெழுகும் அதன் விற்பனைப் பொருள்களுள் ஒன்று.

உணவில் இதன் பணி யாது? பழங்களின் தோலில் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு. களஞ்சியத்திற் கழுவும்போது அதில் ஒரு பகுதி நீங்குகின்றது. புதிய பூச்சு நீரிழப்பைக் குறைத்து, பழம் தொலைதூரச் சந்தைவரை வாடாதிருக்க உதவுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நுண்பளிங்கு மெழுகு ஈ 905 என்னும் இலக்கத்தைப் பெற்று, சூயிங்கத்திலும், மாம்பழம், பப்பாளி முதலிய சில பழங்களின் மேற்பரப்பிலும் அனுமதிக்கப்பட்டுள்ளது. வெப்பமண்டலக் கனிகள் இப்பட்டியலில் இடம்பெறுவது நம் கவனத்துக்குரியது.

இது நஞ்சா என்ற வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறவியலாது. மூலக்கூற்று நிறை கூடிய, நன்கு தூய்மையாக்கப்பட்ட மெழுகு பெரிதும் சமிக்காமலே வெளியேறுகின்றது. நிறை குறைந்த வகைகளோ, எலிகளில் நடத்திய சோதனைகளில் ஈரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் தேங்கின. ஆகவே மெழுகின் தரமும் தூய்மையுமே தீர்மானகரமானவை. மெழுகுதிரிக்கென விற்கப்படும் மெழுகை உணவிற் சேர்த்தல் தகாது.

எனினும் பிரச்சினை இரசாயனத்துடன் முடிவதில்லை. உண்பவனுக்கு வேண்டியது பழம். வணிகனுக்கு வேண்டியது நீண்ட ஆயுளும் கண்கவர் தோற்றமும். இவ்விரு தேவைகளும் முரண்படுமிடத்தில், பூசப்பட்டது யாதென அறியும் உரிமை உண்பவனுக்கே முதலில் உரியது. வெறும் இலக்கம் அவ்வறிவைத் தராது. அது அவனது சொந்த மொழியில், அவன் விளங்கிக்கொள்ளும் சொற்களிற் கூறப்படவேண்டும் என்பதே நமது கருத்து.