பந்தயமில்லாத ஓட்டம்

சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவின்போது 108 முறை ஆடிச்சுற்றுச் சுற்றி வருவோருள் முந்தியவர் யாரென்று எவரும் கேட்பதில்லையல்லவா? ஆகையால், டெர்ரி பாக்ஸ் என்ற கானடா தேசத்து வாலிபரின் பெயரால் நடைபெறும் ஓட்டத்தின் தத்துவம் நமக்கு எளிதில் விளங்கும்.

புற்றுநோயால் வலது காலை இழந்த அவர், அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப் பொய்க்காலுடன் 1980 ஏப்ரல் 12ல் ஓடத் தொடங்கினார். தேசத்தார் தலைக்கு ஒரு டாலர் தரவேண்டுமென்பது அவர் விருப்பம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர்! நோய் நுரையீரலுக்குப் பரவவே ஓட்டம் நின்றது. 1981 பிப்ரவரிக்குள் தலைக்கு ஒரு டாலர் சேர்ந்துவிட்டது. ஜூன் மாதம், 22 வயதில், அவர் மறைந்தார்.

அவ்வருஷமே ஜனங்கள் ஊரூராக ஓடத் தொடங்கினர். பரிசு கிடையாது, கிழவர் நடந்தும் வரலாம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இவ்வோட்டம் நடந்திருக்கிறது. நம் ரத வீதிகளில் நடத்தத் தடை யாது?