கடற்பாசி கலந்த தோல் பூச்சுகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தொண்டாமுத்தூர் மலையடிவாரப் பகுதி. கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஆயினும் ‘கடற்பாசிச் சத்து’ என்று அச்சிட்ட முகப்பூச்சுகளும் சோப்புகளும் இங்கும் கிடைக்கின்றன. தோட்ட வேலையால் கை வெடித்தவர்களும், பாதவெடிப்பு உள்ள நீரிழிவு நோயாளிகளும் அவற்றை வாங்குமுன் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று.

இவற்றில் உள்ளவை யாவை?

மன்னார் வளைகுடாவின் மண்டபம், இராமேசுவரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி ஆகியவற்றிலிருந்து அகர் எடுக்கப்படுகிறது. நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சப்படும் ‘கடல்பாசி’ இதுவே. கட்டக்கோரை முதலிய பழுப்புப் பாசிகள் ஆல்ஜினேட்டையும், அக்கரையோரம் வளர்க்கப்படும் கப்பாஃபைக்கஸ் என்னும் சிவப்புப் பாசி காராஜீனனையும் தருகின்றன.

இவை நீரை ஈர்த்துப் பிடிக்கும் நீண்ட சர்க்கரைத் தொடர்கள். தோலின்மீது மெல்லிய படலமாகப் படிந்து ஈரம் ஆவியாவதைக் குறைக்கின்றன. கழுவினால் அப்பயன் நீங்கிவிடும். சுருக்கத்தையும் கரும்புள்ளியையும் போக்கும் எனப்படும் ஃபுக்காய்டன் போன்ற பொருள்களுக்குரிய சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகச் சோதனைகளே. வறட்சி மட்டுமே குறையென்றால், விலை குறைந்த வாசலினும் போதுமானது.

புண்ணுக்குப் பூசலாமா?

கூடாது. மருத்துவமனைகளில் நீர் கசியும் புண்களுக்கு ஆல்ஜினேட் கட்டு இடப்படுவது உண்மை. அதிலுள்ள கால்சியம், புண்ணின் நீரிலுள்ள சோடியத்துடன் இடமாறி, கட்டு கூழாகிக் கசிவை உறிஞ்சுகிறது. அது கிருமி நீக்கப்பட்ட மருத்துவப் பொருள். வறண்ட புண்ணுக்கு அதுவும் ஏற்றதன்று. அழகுப் பூச்சோ, வீட்டில் குழைத்த பாசிப் பொடியோ அதற்கு ஈடாகாது. நீரிழிவு நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பூச்சின்கீழ் சீழ் வைப்பது வலியால் தெரியாமற் போகும். அவருடைய பாதங்களை நாள்தோறும் பார்ப்பது பராமரிப்பாளரின் பணி.

தைராய்டு நோயாளிகள் கவனத்திற்கு

தோலில் பூசுவதைவிட, ‘முகப்பொலிவுக்கு’ என உட்கொள்ளும் பாசிப் பொடியும் மாத்திரையுமே கவலைக்குரியவை. பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. சில பழுப்புப் பாசிகளின் ஒரு கிராம் பொடியே இவ்வளவைப் பன்மடங்கு மிஞ்சிவிடும். மிகை அயோடின் தைராய்டு சுரப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். சிலருக்கு முகப்பருவையும் தூண்டும். மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ள வேண்டாம்.

வாங்கும்போது

உறையில் உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்தும் காலவரை, சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். ‘இயற்கை’ என்னும் சொல் ஒவ்வாமை வராதென்னும் உறுதியன்று. பெரும்பாலும் தொல்லை தருபவை உடன் சேர்க்கப்படும் நறுமணமும் பதப்படுத்திகளுமே. ஒரு வாரத்தில் நிறம் வெளுக்கும் எனக் கூறும் பூச்சு எதுவாயினும் ஐயத்திற்குரியது. அத்தகைய சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருந்ததுண்டு.

புதிய பூச்சை முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு, நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாட்கள் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். கொப்புளம், முகவீக்கம், ஆறாத வெடிப்பு இருப்பின் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள். பூச்சின் உறையையும் உடன் கொண்டு செல்லுங்கள். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108 எண்ணை அழையுங்கள்.