மொட்டை மாடியில் மின்சாரம்!

அக்னித் தலமான திருவண்ணாமலையில் வெயிலுக்குப் பஞ்சமா என்ன? வடாம் காய்கிற மொட்டை மாடியில் மின்சாரமும் எடுக்கலாமே என்கிறார்கள் இல்லத்தரசிகள். பேஷாக எடுக்கலாம், ஆனால் கணக்குப் பார்த்து இறங்குங்கள்.

மானியம் அடிக்கடி மாறுகிற சமாச்சாரம். 2019-ல் வந்த திட்டத்தில் 3 கிலோவாட் வரை 40 சதவீதம் தந்தார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-க்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என்று நிர்ணயித்தார்கள். பக்கத்து வீட்டுக் கணக்கை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் என்ன தொகை என்று கேளுங்கள்.

அந்தப் பணமும் முன்கூட்டி வராது. பேனல் பொருத்தி, மின்வாரியம் மீட்டர் வைத்த பிறகே வங்கிக் கணக்கில் விழும். அதுவரைக்கும் சமாளிக்க நகையை அடகு வைத்துவிடாதீர்கள்! 3 கிலோவாட் வரை ஈடில்லாமலே வங்கிக் கடன் உண்டு.

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். பேட்டரி இல்லையென்றால், கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும்.

இலவச யூனிட்டோடு அடங்குகிற வீட்டுக்கு அவசரமில்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடா? யோசிக்கலாம். முதலில் பழைய பில் ஆறை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்!