வீட்டுக் கைத்தொழிலும் விளக்கக் கட்டுரையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எப்பொருளைப் பற்றி எழுதலாம் என்று நாம் சில நாள் சிந்தித்தோம். பழைய ஆசிரியர்களின் பெருமையையும் பழைய விளையாட்டுப் போட்டிகளின் வெற்றியையும் நம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் அவ்வழிச் செல்லாது, இக் கல்லூரியில் நாம் கற்ற கலைகளுள் ஒன்றாகிய கட்டுரை எழுதுங் கலை, இன்று ஒரு சிறு குடும்பத்தின் அடுப்பெரிவதற்கு எங்ஙனம் துணைசெய்யும் என்பதை விளக்கத் துணிந்தோம். பொருள் சிறியது போலத் தோன்றலாம். ஆயினும், அதனை நம்பி வாழக்கூடிய குடும்பங்கள் நம் ஊர்களிற் பல.

எம் ஊரிலே அம்மையார் ஒருவர் உளர். போரிலே கணவரை இழந்தவர். பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்தி ஒடியலாக்கி, மாவாக்கி விற்று, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவர் மாவின் தூய்மையை ஊரார் நன்கறிவர். ஒரு முறை, விடுமுறைக்கு வந்து சென்ற உறவினர் மூலம் இருபது பொதி மா ரொறன்ரோ நகருக்குச் சென்றது. அம்மையார் பெரிய நம்பிக்கை கொண்டார். ஒரு மாதங் கழித்து வந்த செய்தியோ, “மா கைக்கிறது, இனி அனுப்ப வேண்டாம்” என்பதே.

மாவிற் குற்றம் ஏதும் இல்லை. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, மேல்நீரை வடித்துப் புதுநீர் விட்டு, கைப்பை நீக்கிய பின்னரே கூழுக்கும் பிட்டுக்கும் எடுத்தல் வேண்டும். பின் நன்றாக வேகவைத்தலும் வேண்டும். இது சுவைக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று. பக்குவஞ் செய்யாத கிழங்கு மாவிலே உடலுக்கு ஒவ்வாத கூறுகள் உண்டு என்பதை விலங்குகளிற் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் பாட்டிமார் ஆய்வுகூடம் இன்றியே அறிந்திருந்த இச்செய்தியைக் கடல் கடந்து பிறந்த பேரப்பிள்ளைகள் எங்ஙனம் அறிவர்? சொல்லிக் கொடுப்பார் அங்கிலர். இருபது பொதி மாவோடு இருபது வரி எழுத்தும் போயிருந்தால், அந்த வாணிகம் தொடங்கிய அன்றே முடிந்திராது.

இந்த இருபது வரியைப் பற்றியதே இக்கட்டுரை.

விளம்பரம் வேறு, விளக்கக் கட்டுரை வேறு. “எமது மாவே சிறந்த மா, இன்றே வாங்குக” என்பது விளம்பரம். “ஒடியல் மாவின் கைப்பை நீக்குவது எப்படி” என்பது விளக்கம். முன்னது வாங்குவோனிடம் ஒன்றைக் கேட்கின்றது. பின்னது அவனுக்கு ஒன்றைக் கொடுக்கின்றது. கேட்பவனைக் கண்டு ஒதுங்குவதும் கொடுப்பவனிடம் நெருங்குவதும் உலகியல்பன்றோ?

இவ்வுண்மையைப் பெருந்தொழில் நடத்தியோர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டனர். ஐக்கிய அமெரிக்காவிலே கலப்பை செய்து விற்ற ஜோன் டீயர் நிறுவனம் 1895 ஆம் ஆண்டில் ‘த பரோ’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கியது. பரோ என்பது உழவுச்சால். பயிர்ச்செய்கை பற்றிய அறிவை உழவருக்கு வழங்குவதே அதன் நோக்கம். பிரான்சிலே வண்டிச் சக்கரங்களுக்கு றப்பர் ரயர் செய்த மிஷலின் சகோதரர்கள், 1900 ஆம் ஆண்டில், மோட்டார் வண்டியிற் செல்வோருக்கான கைநூல் ஒன்றை ஏறத்தாழ 35,000 பிரதி அச்சிட்டு இலவசமாக வழங்கினர். ரயர் மாற்றும் முறையும், வண்டி திருத்துமிடமும், தங்குமிடமும் அதிற் கூறப்பட்டிருந்தன. மக்கள் வண்டியிற் பயணஞ் செய்தாலன்றோ ரயர் தேயும்? தேய்ந்தாலன்றோ புதியது விற்கும்? அக்காலத்தில் ஜெல்-ஓ என்னும் இனிப்புப் பண்டத்தை விற்றோரும், அதனைக் கொண்டு என்னென்ன ஆக்கலாம் என்று கூறும் சமையற் சிறுநூல்களை 1904 அளவில் வீடுதோறும் கொடுத்தனர். அறியாத பண்டத்தை எவரும் வாங்கார். அறியச் செய்வதே விற்பனையின் முதற்படி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆயின், அச்சுக்கூடமும் தபாற் செலவும் அன்று செல்வருக்கே எட்டின. ஒடியல் மா விற்பவர் சஞ்சிகை நடத்துவது கனவிலும் இயலாதிருந்தது. அந்நிலையை மாற்றியது இணையம். ஜெனீவா நகரின் அருகிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் 1989 இல் முன்மொழிந்த உலகளாவிய வலையை, 1993 இல் அந்நிலையம் யாவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 1991 இல் வெளிவந்த யூனிகோட் என்னும் பொது எழுத்துக் குறிமுறையிலே தமிழும் இடம்பெற்றிருந்தமையால், நாளடைவிலே எக்கணினியிலும் எக்கைத்தொலைபேசியிலும் தமிழை எழுதவும் தேடவும் வழி பிறந்தது. எனவே மிஷலின் சகோதரர்கள் பெருஞ்செலவிற் செய்ததை, இன்று ஒரு மாணவன் மிகச் சிறிய செலவிற் செய்யலாம். அஃதன்றி, அச்சிட்ட தாள் பழந்தாளாகிக் கடலை சுற்றப்படும். இணையத்தில் இட்ட கட்டுரையோ, எவரோ ஒருவர் ஒரு வினாவோடு வரும்வரை காத்திருக்கும்.

இனி, எழுதும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, ஒரு கட்டுரைக்கு ஒரு வினா. ‘பனையின் பெருமை’ என்று தலைப்பிட்டு வேரிலிருந்து குருத்துவரை எழுதுவது பரீட்சைக்கு உதவும்; வாங்குவோனுக்கு உதவாது. கைப்பை நீக்குவது எப்படி, ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வேறுபாடு யாது, மழைக்காலத்தில் மாவைப் பூச்சியின்றி வைப்பது எங்ஙனம் என ஒவ்வொன்றும் தனிக் கட்டுரையாதல் வேண்டும். இவ்வினாக்களை நாம் புனைய வேண்டுவதில்லை. வாங்க வருவோர் வாயிலிருந்து வருவனவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவரின் ஓராண்டுக்கு வேண்டிய தலைப்புகள் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, வாங்குவோன் வழங்கும் சொல்லை வழங்குக. தேடுபொறி என்பது ஒரு பெரிய நூல்நிலையத்தின் சொல்லடைவு போன்றது. வாசகன் இட்ட சொல் கட்டுரையில் இராவிடின், கட்டுரை அவன் கண்ணிற் படுதல் அரிது. நாம் பனங்கட்டி என்பதைத் தமிழ்நாட்டார் கருப்பட்டி என்பர். இரண்டு சொல்லும் ஓரிடத்திலேனும் வருதல் நன்று. ‘சுண்டு’ என்றால் நம் ஊரவர்க்கு விளங்கும், அயலார்க்கு விளங்காது. எனவே சுண்டுக் கணக்கோடு கிராம் கணக்கையும், அளந்து பார்த்தே, எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, விடையை முதலிற் கூறுக. நாம் இளமையிற் பழகிய நீண்ட முகவுரை இங்கே பயன்படாது. அடுப்பிலே உலை கொதிக்க, கையிலே மாவோடு நிற்பவளுக்குப் பாயிரம் வேண்டுவதில்லை. ‘மாவை நீரிலிட்டு ஊறவிடுக; மா அடியிற் படிந்தபின் மேல்நீரை வடிக்க; புதுநீர் விட்டு மீண்டும் அங்ஙனமே செய்க; கைப்பு நீங்கியபின் நன்கு வேகவைக்க’ என்று தொடங்குக. காரணத்தைப் பின்னர் விளக்குக.

நான்காவது, தன் பண்டத்தின் எல்லையையும் கூறுக. ஆவணி புரட்டாதியிற் பழம் விழும்; விதையைப் பாத்தியிலிட்டால் தை மாசியிற் கிழங்கு வரும். ஆதலின் புதிய ஒடியல் ஆண்டு முழுவதும் கிடையாது. இதனை மறைக்காது எழுதினால் வாங்குவோன் காத்திருப்பான். மறைத்து முற்பணம் வாங்கினால் மறுமுறை வாரான்.

ஐந்தாவது, கடைசியில் ஒரு வரி மட்டும் விற்பனைக்கு ஒதுக்குக. செய்பவர் யார், எங்ஙனம் பெறலாம் என்பவற்றைச் சொன்னாற் போதும். வரிதோறும் ‘வாங்குக, வாங்குக’ என்று கூவினால், கொடுக்க வந்தவன் கேட்க வந்தவனாக மாறிவிடுவான்.

இம்முறைகளினும் முக்கியமானது ஒன்றுண்டு, அதுவே வாய்மை. பனங்கட்டி நீரிழிவு நோயாளருக்கு நல்லது என்று எழுதுவார் பலரை இன்று காண்கின்றோம். பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சர்க்கரையே. அக்கூற்றை நம்பி ஒரு முதியவர் உண்டு நோய் முற்றினால், அப்பழி எழுதியவனைச் சாரும். நம் நாட்டின் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் உணவைப் பற்றிப் பொய்யாக விளம்பரஞ் செய்தலைத் தடுக்கின்றது. பனங்கட்டிக்கு மணமும் சுவையும் உண்டு, பரம்பரை உண்டு. அவற்றை எழுதினாற் போதாதா?

பொய்யைப் போலவே வெறும் எழுத்தும் கேடு தரும். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஒரே கட்டுரையைச் சில சொற்களை மாற்றி நூற்றுக்கணக்கான இடங்களில் இட்டால் வாணிகம் பெருகும் என்று பலர் கருதினர்; சில காலம் பெருகியதும் உண்மையே. 2011 ஆம் ஆண்டு மாசி மாதத்திற் கூகிள் நிறுவனம் ‘பண்டா’ எனப் பெயரிய மாற்றத்தைச் செய்து, உள்ளீடற்ற கட்டுரைகளைத் தேடல் வரிசையிற் பின்னே தள்ளியது. அவற்றையே நம்பியிருந்தோர் தம் வாசகரை இழந்தனர். 2022 ஆம் ஆண்டின் இறுதியிற் சற்ஜிபிரி வெளிவந்த பின்னர், கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் பொறிகளும் எங்கும் பரவிவிட்டன. அவை ‘ஒடியல் சத்துமிக்க உணவு’ என்று அழகாக எழுதும். ஆனால், எம் ஊர் அம்மையாரின் முற்றத்தில் இவ்வாண்டு பெய்த பனியால் ஒடியல் காய எத்தனை நாள் சென்றது என்பதை அவை அறியா. கைபட்டு அறிந்த அறிவே இனி எழுத்துக்கு விலை தரும்.

அவ்வறிவு யாரிடம் உள்ளது? எழுதப் பழகாத கைகளிடத்தே உள்ளது. எழுதப் பழகிய நம்மிடமோ அவ்வறிவு இல்லை. இவ்விரண்டும் கூடுமிடத்தில்தான் நல்ல கட்டுரை பிறக்கும். ஆதலின் எழுதப் புகும் மாணவன் முதலிற் செய்யவேண்டியது எழுதுதலன்று. அருகிலிருந்து பார்த்தலும் கேட்டலுமே. எழுதியதை அவர்க்குப் படித்துக் காட்டி, பிழை திருத்தி, அவர் இசைவு பெற்றே வெளியிடுதல் வேண்டும். தனித்து வாழும் பெண்களின் பெயரையும் இருப்பிடத்தையும் தொலைபேசி எண்ணையும் அவர் விரும்பினாலன்றி வெளியிடலாகாது.

நாமும் அம்மையாரின் திண்ணையில் ஒரு மாலை இருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். “இதையெல்லாமா தம்பி எழுதுவார்கள்? எல்லாருக்கும் தெரிந்ததுதானே” என்றார். எல்லாருக்கும் தெரிந்தது என்று அவர் எண்ணியதே எவருக்கும் தெரியாமற் போய்க்கொண்டிருந்தது. படித்துக் காட்டியபொழுது, ‘நீரை வடிக்க’ என்றிருந்த இடத்தில் நிறுத்தி, “மா கலங்காமல் வடிக்கச் சொல்லு” என்றார். அத்திருத்தத்தை எப்பள்ளியிலும் நாம் கற்றிருக்க மாட்டோம்.

கட்டுரை இணையத்தில் ஏறியது. அச்சிட்ட சிறு தாளாகப் பொதிகளிலும் ஏறியது. மறுநாளே வாணிகம் பெருகிவிட்டது என்று கூறோம். முதல் இரு மாதமும் ஒருவரும் கேட்கவில்லை. பின்னர் கொழும்பிலிருந்து ஒருவர், இலண்டனிலிருந்து ஒருவர் எனக் கேட்டனர். “எம்மை எவ்வாறு அறிந்தீர்கள்” என்று ஒவ்வொருவரையும் வினவிக் கொப்பியிற் குறிக்குமாறு அம்மையாரின் மகளுக்குக் கூறினோம். எந்தக் கட்டுரை பயன் தந்தது என்பதை அறிய அதனினும் எளிய வழி இல்லை. மா கைக்கிறது என்ற முறைப்பாடு மட்டும் மீண்டும் வரவில்லை.

இக்கல்லூரியின் பழைய மாணவர் உலகெங்கும் உளர். அவர்தம் ஊர்களிலே பினாட்டுச் செய்வோர், பெட்டி இழைப்போர், வடகம் போடுவோர், நல்லெண்ணெய் ஆட்டுவோர் எனப் பலர் உளர். ஒவ்வொருவரும் தம் ஊரிலே ஒரு வீட்டைத் தெரிந்து, அவ்வீட்டின் தொழிலைப் பற்றி உண்மையான கட்டுரை ஒன்று எழுதுவாராயின், அதுவும் இவ்விழாவுக்கு ஒரு காணிக்கையாகும். மாணவ நண்பர்களே, பரிசுக் கட்டுரை எழுதிய அதே பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு முற்றத்துக்குச் செல்லுங்கள். அங்கே ஒடியல் காய்ந்துகொண்டிருக்கின்றது. அதனைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவரும் அருகிலேயே இருக்கின்றார்.