மாறிய ஆட்டோ, நின்றுபோகும் டிராம்

தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் ஆட்டோ ஏறுகிறவர்கள் மீட்டர் பேசுவதில்லை. பின்னால் மூன்று பேர், ஓட்டுநர் பக்கத்தில் ஒருவர் என்று நாலு பேர் சேர்ந்ததும் வண்டி கிளம்பிவிடும். பச்சை வண்டி, எல்.பி.ஜி. எஞ்சின். 2009-க்கு முன்பு இதே தெருக்களில் ஆட்டோவுக்குப் பின்னால் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

அன்று ஓடியவை டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்கள். அவற்றில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும்; எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு அப்படியே சைலன்ஸர் வழியாக வெளியேறும். போதாக்குறைக்கு ‘காட்டா தேல்’ வேறு. பெட்ரோலில் மண்ணெண்ணெயும் நாஃப்தாவும் கலந்த கள்ளச் சரக்கு அது. விலை மலிவு என்பதால் தாராளமாகப் புழங்கியது.

சுற்றுச்சூழல் ஆர்வலர் சுபாஷ் தத்தா தொடுத்த வழக்கில், 2008 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு போட்டது. 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்கள் மாநகரப் பகுதியில் ஓடக் கூடாது. டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் எரிவாயுவுக்கு மாற வேண்டும். ஆட்டோக்காரர்கள் மறியலில் இறங்கினார்கள். கெடு நீண்டது. ஒருவழியாக 2009 ஆகஸ்டில் உத்தரவு அமலானது. நீதிமன்றத்தைப் பாராட்டும்போது, கடன்பட்டு வண்டி மாற்றிய ஓட்டுநர்களையும் மறந்துவிடக் கூடாது.

இருந்தும் காற்று தேறவில்லை. 2018-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மேற்கு வங்க அரசுக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வண்டிக்கு வண்டி புகை குறைந்தாலும் வண்டிகள் பெருகிக்கொண்டே போயின. டீசல் லாரிகளும் சாலைத் தூசியும் எரியும் குப்பையும் தம் பங்கைச் சேர்த்தன.

அப்படியானால் சாலையில் வண்டிகள் குறைய வேண்டும், ஒரே வண்டியில் நிறையப் பேர் போக வேண்டும். மின்சாரப் பேருந்துகளை இறக்கியதற்காக 2019-ல் கொல்கத்தாவுக்கு சி40 மாநகரங்கள் விருது கிடைத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் 1902-லிருந்து மின்சாரத்தில் ஓடும் டிராமை, எஸ்பிளனேட்–மைதான் தடம் தவிர மற்ற எல்லா இடங்களிலும் நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசே அறிவித்தது. சொன்ன காரணம், போக்குவரத்து நெரிசல்.

தமிழர்கள் காய்கறியும் காபிப்பொடியும் வாங்கும் லேக் மார்க்கெட் பக்கம் பாலிகஞ்ச்–டாலிகஞ்ச் டிராம் பல்லாண்டு ஓடியது. அந்த டிராம் போன ராஷ்பிஹாரி அவென்யூவை அடைப்பவை கார்கள்; ஒன்றிரண்டு பேருக்காக ஒரு வண்டி. இடம் போதவில்லை என்றால் முதலில் கார்களைத்தான் ஒதுக்க வேண்டும். பாரிஸ் வட்டாரம் 1930-களில் டிராமைக் கைவிட்டது. 1992-ல் புதிதாகத் தண்டவாளம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. கையில் இருப்பதைக் காப்பாற்ற கொல்கத்தாவுக்கு அத்தனை செலவு ஆகாது.